இமேஜ் இறங்காத லேப்பில் எங்கிருந்து தேடுவது?

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு கல்லூரி. அதன் கம்ப்யூட்டர் லேப்பில் 30 கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றுக்கும் சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாகவே விண்டோஸ் இமேஜ் (தயாராக எடுத்துவைத்த விண்டோஸின் முழு நகல்) இறக்கும் வேலைக்குப் போயிருந்தேன். மாலைக்குள் 22 முடிந்துவிட்டன. மீதி 8 அசையவில்லை. லேப் பொறுப்பாளர் கவலையோடு வந்தார். "சார், இமேஜ்தான் கெட்டுப்போச்சு போல. திரும்ப முதல்ல இருந்து எடுத்துரலாமா?"

வேண்டாம் என்றேன். ஒரே பானைச் சோற்றை 22 பேர் சாப்பிட்டுவிட்டார்கள். மிச்சம் 8 பேருக்கு மட்டும் அது எப்படி வேகாமலிருக்கும்? அந்த 8 கம்ப்யூட்டர்களும் இமேஜ் இருக்கும் பக்கமே இன்னும் போகவில்லை. பாதி வழியில், ஆளுக்கொரு இடத்தில் நின்றுகொண்டிருந்தன.

இந்தத் தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. இமேஜ் இறங்கவில்லை என்றதும் சர்வரைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். அதை ரீஸ்டார்ட் செய்கிறோம், சர்வீஸை அழித்துத் திரும்பப் போடுகிறோம், இரண்டு மணி நேரம் செலவழித்துப் புது இமேஜ் எடுக்கிறோம். இமேஜ் என்பது இந்த வரிசையின் கடைசிப் பொருள். அதற்கு முன்னால் நாலைந்து படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் கால் இடறியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதிலும் நம் இராமநாதபுரம் கடற்கரையில் முதல் படியே பல நேரம் உப்பில் ஊறிக் கிடக்கிறது. அதனால் கீழிருந்து மேலே போவதுதான் இங்கே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

இந்த வேலை இப்போது பெருகியதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருளில், பழைய பயாஸுக்குப் பின் வந்தது) வேண்டும். பழைய பிராசஸர்களை அது ஏற்காது. ஆகவே ஒரே லேப்பில் புதியவை விண்டோஸ் 11-க்கும், பழையவை உபுண்டு, பாஸ் லினக்ஸ் போன்றவற்றுக்கும் போகின்றன. பெண்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாக அலைவதைவிட நெட்வொர்க் பூட் எவ்வளவோ மேல். ஆனால் ஒரே அறையில் இரண்டு தலைமுறை கம்ப்யூட்டர்கள் கலந்து உட்கார்ந்திருப்பதே பல சிக்கல்களின் ஊற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நெட்வொர்க் பூட்டுக்கு அடிப்படையான பிஎக்ஸ்இ முறையை வகுத்தது இன்டெல். பரவலாகப் புழங்கும் 2.1 பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. பவர் பட்டனை அழுத்தியதும் நெட்வொர்க் கார்டு, கேபிளில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், "யாராவது எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. டிஎச்சிபி சர்வர் முகவரியைத் தருகிறது. அதுவோ வேறொரு சர்வரோ, "பூட் கோப்பின் பெயர் இது, இந்த இடத்தில் இருக்கிறது" என்றும் சொல்கிறது. அந்தச் சிறிய கோப்பை டிஎஃப்டிபி முறையில் இறக்கி ஓட்டினால், அது வின்பிஇ என்ற குட்டி விண்டோஸையோ ஒரு குட்டி லினக்ஸையோ இழுத்துவரும். அது எழுந்த பிறகுதான் சர்வரிலிருந்து இமேஜை வாங்கி ஹார்டு டிஸ்கில் எழுதும் வேலை.

எங்கே நின்றது என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. நாம்தான் படிப்பதில்லை. பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் இ61 என்று வந்தால் கேபிளில் இணைப்பே இல்லை. இ51 என்றால் முகவரி கொடுக்க யாரும் முன்வரவில்லை. இ53 என்றால் முகவரி வந்தது, பூட் கோப்பின் பெயர் வரவில்லை. இ32 என்றால் பெயரும் தெரியும், ஆனால் கோப்பு வைத்திருக்கும் சர்வர் பதில் சொல்லவில்லை. யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்களில் எண்கள் மாறும்: முகவரி கிடைக்காவிட்டால் இ16, சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் இ18. இந்த வரிகள் கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடும். செல்போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அந்த ஒரு நிமிஷம் பின்னால் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அன்று அந்த 8 கம்ப்யூட்டர்களில் 4 இ61 காட்டின. பொறுப்பாளர் நம்பவில்லை. "சார், இதே கேபிள்லதான் காலையில பசங்க இன்டர்நெட் பார்த்தாங்க!" அவர் சொன்னதும் உண்மைதான். இந்த இடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

நெட்வொர்க் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பிகள் போதும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஆனால் "என்னால் ஜிகாபிட் முடியும், உன்னால் முடியுமா?" என்று கார்டும் சுவிட்சும் பேசிக்கொள்வது அந்த முதல் இரண்டு ஜோடிகள் வழியாகத்தான். இரண்டும் ஜிகாபிட்டுக்கு ஒப்புக்கொண்டு, எட்டுக் கம்பிகளிலும் இணைப்பைத் தொடங்கப் பார்க்கும்போது 7-ஆம் கம்பியோ 8-ஆம் கம்பியோ செத்திருந்தால் இணைப்பு எழும், விழும், மறுபடி எழும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் முழு டிரைவர் இருப்பதால், பல கார்டுகள் சில முறை முயன்று பார்த்துவிட்டுத் தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். இன்டர்நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. பூட் ரோமில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் நெட்வொர்க் கார்டின் நிரலில்) இருக்கும் எளிய டிரைவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லாமல் போகலாம். அது இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இதனால்தான் இன்டர்நெட் வரும் கேபிளிலேயே பூட் மட்டும் வராமல் போகிறது.

ஒரு பிளக்கை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எட்டுத் தகடுகளில் நடுவில் இருந்தவை மஞ்சளாகவே இருந்தன. ஓரத்து இரண்டில், பழுப்பு ஜோடி வரும் இடத்தில், மஞ்சள் தேய்ந்து பச்சை நூல் ஒட்டினாற்போல ஒரு கோடு. செம்புக் குடத்தை நாலு நாள் துலக்காமல் விட்டால் ஏறுமே, அதே களிம்பு.

இந்தக் கரையில் அது ஏறாமலிருந்தால்தான் ஆச்சரியம். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் பாத்திகளில் உப்பு விளைவிக்கும் காற்றும் வெயிலும்தான் நம் லேப் ஜன்னல் வழியாகவும் வருகின்றன. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் நுண்ணிய உப்புத்துகள் வந்து படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். இரவு ஏசியை அணைத்து லேப்பைப் பூட்டிப் போனபின் உள்ளே நடப்பது அதுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. நம் ஆர்ஜே45 நெட்வொர்க் பிளக்கில் இருப்பது நிக்கல் மேல் பூசிய மெல்லிய தங்க முலாம். நல்ல தரமான பிளக்கில் 50 மைக்ரோ இஞ்ச் இருக்கும். மலிவான பிளக்கில் பேருக்குத்தான் பூசியிருப்பார்கள். அது தேய்ந்தால் உப்பு நேராகச் செம்பைத் தொட்டுவிடும்.

கேபிள் வாங்கும்போதும் ஏமாறக் கூடாது. செம்பு பூசிய அலுமினியக் கம்பி பாதி விலைக்குக் கிடைக்கிறது. கத்தியால் மேலே சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும். கடலோரத்தில் அந்தக் கேபிள் வேண்டவே வேண்டாம்.

களிம்பு ஏறிய பிளக்கைச் சுரண்டித் திரும்பச் செருகுவது வீண் வேலை. சுரண்டினால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். ஒரு சாண் நீளம் வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே கம்பி பளபளவென்று இருக்கிறதா பார்த்து, நல்ல பிளக் போட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்ய வேண்டும். வெட்டிய இடத்திலும் கம்பி கறுத்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள். கம்ப்யூட்டர் பக்கத் துளையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காயவிட்டுச் செருகினால் போதும். அன்று அப்படிச் செய்ததும் 4 கம்ப்யூட்டர்களும் வரிசையாகக் கிளம்பின.

இன்னும் 4. அவற்றில் மூன்று பின்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. மூன்றிலும் இ32. கோப்பு வைத்திருக்கும் சர்வர் பதில் சொல்லவில்லை என்கிறது. ஆனால் அதே சர்வர் முன்வரிசைக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இங்கே வீடியோ கைகொடுத்தது. பிஎக்ஸ்இ திரையில் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த ஐபி, அதைக் கொடுத்த டிஎச்சிபி ஐபி, பூட் தகவல் தந்த பிராக்ஸி ஐபி, கேட்வே என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். முன்வரிசையில் டிஎச்சிபி ஐபி 10 என்று தொடங்கியது, அது கல்லூரியினுடையது. பின்வரிசையில் 192.168.1.1.

அந்த முகவரியில் அங்கே எதுவும் இருக்கக் கூடாது. பின்வரிசை சுவிட்சில் தேடினேன். ஒரு நீலக் கேபிள் சுவரேறி அடுத்த அறைக்குப் போனது. அங்கே வைஃபைக்காக யாரோ கொண்டுவந்து வைத்த ஒரு வீட்டு ரூட்டர். வான் (வெளி இணைப்பு) துளையில் போக வேண்டிய கேபிள் லான் (உள் இணைப்பு) துளையில் செருகியிருந்தது. அதனால் அந்த ரூட்டர் லேப்புக்கும் சேர்த்து முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. டிஎச்சிபியில் பொதுவாக முந்திக் கொடுத்தவர் முகவரிதான் எடுபடும். பின்வரிசைக்கு ரூட்டர் பக்கத்தில் இருந்தது, அது முந்திக்கொண்டது. பூட் கோப்பின் பெயரை எங்கள் சர்வர் சரியாகத்தான் சொன்னது. ஆனால் வேறு தெருவின் கதவு எண்ணை வைத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் சர்வரைத் தேடினால் எப்படிப் போய்ச் சேரும்?

கேபிளை உருவியதும் மூன்றும் சரியாயின. இந்தக் கோளாறு இன்று வரும், நாளை வராது, ஒரு கம்ப்யூட்டரில் வரும், பக்கத்தில் வராது. மனுஷனைக் கிறுக்குப் பிடிக்கவைக்கும். சந்தேகம் வந்தால் ஓடுகிற ஒரு விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) கட்டளை கொடுத்து, டிஎச்சிபி சர்வர் என்ற வரியைப் பாருங்கள். சொந்தச் சர்வரின் முகவரி அங்கே இல்லையென்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். நல்ல சுவிட்ச் இருந்தால் டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதியை இயக்கி இந்தத் தொல்லையை நிரந்தரமாகத் தடுக்கலாம்.

இதே டிஎச்சிபி படியில் இன்னொரு வகைக் கோளாறும் அடிக்கடி வரும். விண்டோஸ் சர்வரில் டிஎச்சிபியும், நெட்வொர்க் வழியாக விண்டோஸ் வழங்கும் டபிள்யூடிஎஸ் சேவையும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால், இரண்டும் யூடிபி 67 போர்ட்டுக்குப் போட்டி போடும். டபிள்யூடிஎஸ் அமைப்பில் 67-ல் கேட்க வேண்டாம் என்ற பெட்டியையும், டிஎச்சிபி செய்தியின் 60-ஆம் ஆப்ஷனில் பிஎக்ஸ்இகிளையன்ட் என்று அறிவிக்கும் பெட்டியையும் டிக் செய்தாக வேண்டும். சர்வர் வேறு விலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில்) இருந்தால் நடுவிலுள்ள ரூட்டரிலோ லேயர் 3 சுவிட்சிலோ ஐபி ஹெல்பர் போட வேண்டும். ஏனென்றால் முகவரி கேட்கும் குரல் தன் விலானைத் தாண்டிக் கேட்காது, அதை ஐபி ஹெல்பர்தான் கடத்தும்.

பெரிய சுவிட்ச் உள்ள இடங்களில் ஸ்பேனிங் ட்ரீயும் (இணைப்புகள் வளையமாகிவிடாமல் சுவிட்ச் காக்கும் முறை) ஒரு காரணம். கேபிளில் புதிதாக உயிர் வந்ததும் சுவிட்ச் அந்தப் போர்ட்டை 30 வினாடி காக்க வைத்துவிட்டுத்தான் திறக்கும். பிஎக்ஸ்இ விதிப்படி கம்ப்யூட்டர் 4, 8, 16, 32 வினாடி இடைவெளிகளில் மறுபடி மறுபடி கேட்க வேண்டும். எல்லாத் தயாரிப்புகளும் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. கம்ப்யூட்டர் ஓடும் போர்ட்டுகளில், காக்க வைக்காமல் திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. சுவிட்சின் பாஸ்வேர்டு கையில் இல்லையென்றால், நடுவில் ஒரு சாதாரண 5 போர்ட் சுவிட்சைச் செருகிப் பாருங்கள். அப்போது பூட் வந்தால் நோய் இதுதான்.

சரி, இரண்டு தலைமுறை கலப்புக்கு வருவோம். பயாஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு பூட் கோப்பு, யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டருக்கு வேறொன்று. ஒன்றின் கோப்பு மற்றதில் ஓடாது. டிஎச்சிபியில் 66, 67 ஆப்ஷன்களில் சர்வர் பெயரையும் ஒரே ஒரு கோப்புப் பெயரையும் கையால் எழுதிவைப்பது பலருக்குப் பழக்கம். லேப்பில் எல்லாமே பழையவையாக இருந்த காலத்தில் அது பிழைத்தது. புதியவை வந்த நாளில் பாதி நின்றுவிடும். அதை யூஇஎஃப்ஐ கோப்பாக மாற்றினால் மறுபாதி நிற்கும். கம்ப்யூட்டர் முகவரி கேட்கும்போதே 93-ஆம் ஆப்ஷனில் தன் வகையைச் சொல்லிவிடுகிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதைப் பார்த்துக் கோப்பைப் பிரித்துக் கொடுக்க டபிள்யூடிஎஸ்ஸுக்கும் தெரியும், ஃபாக் போன்ற இலவச மென்பொருள்களோடு சேர்த்து அமைக்கும் டிஎச்சிபிக்கும் சொல்லித்தரலாம். ஆகவே 66, 67-ஐ அழித்துவிட்டு வகை பார்த்துக் கொடுக்கும்படி அமைப்பதே நல்லது. யூஇஎஃப்ஐயில் கோப்பு இறங்கியும் ஓடாமல் மறுத்தால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். முறையான கையொப்பம் இல்லாத கோப்பை அது ஓட விடாது.

அடுத்தது டிஎஃப்டிபி. இது 1981-லிருந்து வரும் மிக எளிய முறை. 512 பைட் அனுப்பும், "வந்தது" என்று பதில் வந்தால்தான் அடுத்த 512 பைட். 400 எம்பி அளவுள்ள வின்பிஇயை இப்படி இறக்கினால் 8,19,200 தடவை போய்வர வேண்டும். போய்வர ஒரு மில்லி வினாடி என்று வைத்தாலும் 13 நிமிடத்துக்கு மேல். கேபிள் நலிந்து துண்டுகள் தொலையத் தொடங்கினால், தொலைந்த ஒவ்வொரு துண்டுக்கும் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும், அரை மணி நேரம்கூட ஆகும். துண்டின் அளவைக் கூட்டினால் வேகம் கூடும். ஆனால் 1468 பைட்டைத் தாண்டினால் துண்டுகள் வழியில் உடைந்து போகும், சில கம்ப்யூட்டர்களின் ஃபர்ம்வேர் அதைச் சேர்த்து எடுக்கத் திணறி நின்றுவிடும். எனக்கு 1456 இதுவரை கைவிட்டதில்லை.

வின்பிஇ எழுந்து, அதன்பின் சர்வரைக் காணவில்லை என்று சொன்னால் டிரைவர் பிரச்சினை. இதுவரை ஓடியது பூட் ரோமின் டிரைவர், இப்போது ஓடுவது வின்பிஇயின் டிரைவர். இரண்டும் வேறு. ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் கொடுங்கள். கார்டே தெரியவில்லை என்றால் அந்தக் கார்டின் 64 பிட் டிரைவரை பூட் இமேஜில் சேர்க்க வேண்டும். நெட்வொர்க் சரியாக இருந்து ஹார்டு டிஸ்க் மட்டும் தெரியாவிட்டால், இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலும் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி அமைப்புதான் காரணம். அதன் டிரைவரைச் சேர்க்கலாம், அல்லது அமைப்பை அணைக்கலாம். இன்னொன்று: விண்டோஸ் 11 டிவிடியில் வரும் பூட் இமேஜை நேராக டபிள்யூடிஎஸ்ஸில் போட்டு நிறுவும் வழியை மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. அவர்களின் ஏடிகே என்ற கருவித் தொகுப்பைக் கொண்டு சொந்தமாக வின்பிஇ தயாரித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். 15 ஜிபி இமேஜ் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு 20 நிமிடம். 24 கம்ப்யூட்டர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினால் சர்வரின் அதே ஒரு கம்பி வழியாக 8 மணி நேரம். மல்டிகாஸ்ட்டில் எல்லோருக்கும் ஒரே ஒலிபரப்பு, ஏறக்குறைய அந்த 20 நிமிடம்தான். ஆனால் மல்டிகாஸ்ட்டில் மெதுவான கம்ப்யூட்டர்தான் எல்லோருடைய வேகத்தையும் நிர்ணயிக்கும். களிம்பு ஏறி 100-க்கு இறங்கிய ஒரே ஒரு கேபிள், ஜிகாபிட்டில் ஓட வேண்டிய மொத்த லேப்பையும் பிடித்து இழுத்துவிடும். அதனால் தொடங்கும் முன்பே சுவிட்சின் போர்ட் விளக்குகளைப் பார்த்து, வேகம் குறைந்த போர்ட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். எந்த நிறம் எந்த வேகம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சுவிட்சின் மேலேயே எழுதியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சர்வருக்கு யுபிஎஸ் வைத்திருப்பார்கள், சுவிட்சை மறந்துவிடுவார்கள். சுவிட்ச் அணைந்தால் எழுதிக்கொண்டிருக்கும் எல்லாமே பாதியில் நிற்கும். ஒரு சின்ன யுபிஎஸ் போதும், சுவிட்ச் அதிக மின்சாரம் இழுக்காது.

அன்று கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அதில் எந்த எண்ணும் வரவில்லை, நெட்வொர்க் பக்கமே போகாமல் பழைய விண்டோஸே வந்துகொண்டிருந்தது. பயாஸுக்குள் போய் நெட்வொர்க் பூட்டை இயக்கிச் சேமித்தோம், வந்தது. ஆனால் சுவிட்ச் போர்டில் அணைத்துப் போட்டால் மறுபடி போய்விடும். லேப் உதவியாளர் தம்பிதான் கவனித்தான். "அண்ணே, தேதியப் பாருங்க, எப்பவோ உள்ள வருஷம் காட்டுது." மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படியே இமேஜ் ஏற்றியிருந்தாலும் டொமைனில் (சர்வர் நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் குழுவில்) சேர்க்கும்போது மாட்டியிருப்போம். அங்கே நடக்கும் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பில் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் சர்வர் உள்ளே விடாது.

பேட்டரி உட்காரும் கிளிப்பிலும் லேசாகப் பச்சை. அதைத் துடைத்துவிட்டு, தம்பி கடைத்தெருவில் வாங்கிவந்த சிஆர்2032-ஐப் போட்டு, தேதியைத் திருத்தி, பூட் வரிசையை மாற்றி, ஒருமுறை பிளக்கையே உருவித் திரும்பச் செருகினோம். இந்த முறை மறக்கவில்லை. டிஎச்சிபி ஐபி 10 என்று தொடங்கியது. அரை மணி நேரத்தில் முப்பதாவது கம்ப்யூட்டரும் முடிந்தது, மற்ற 29-க்கும் போன அதே இமேஜில்.